மேனேஜரின் மூச்சுக் கணக்கு

பம்ப் ஆபரேட்டர் தன் முப்பத்தாறு வருட உத்தியோகத்தில் பதினோரு மேனேஜர்களுக்குக் கீழே குப்பை கொட்டியவர். பதினோரு பேரில் ஒருவர்கூட அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று, பரிசாகக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இனி ஆயுசுக்கும் ஒரு மேனேஜர் முகத்தில் முழிக்க வேண்டியதில்லை என்று மூன்று மாடியையும் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்து கதவைத் திறந்தால், உள்ளே பன்னிரண்டாவது மேனேஜர் உட்கார்ந்திருந்தார்.

நாலு கால். உள்ளங்கை அகலத்துக்கு உடம்பு. வெள்ளை நிறம்; இடது கண்ணைச் சுற்றி மட்டும் யாரோ டீ கிளாஸை வைத்து எடுத்த மாதிரி ஒரு பழுப்பு வட்டம். ஆபரேட்டரின் செருப்பை முகர்ந்து பார்த்துவிட்டு, திருப்தியில்லாமல் ஒரு தும்மல் போட்டார்.

"என்னடி இது?"

"நாளையிலேர்ந்து நாள் பூரா நீங்களும் நானும் மூஞ்சிய மூஞ்சிய பாத்துட்டு உக்காரணும்ல? நடுவுல பேச ஒரு ஆள் வேணாமா?" என்றாள் மனைவி. "வந்ததுலேர்ந்து ஒவ்வொரு ரூமா போயி குறை கண்டுபிடிச்சுட்டு இருக்கு. உங்க மேனேஜருங்க எல்லாம் பிச்சை வாங்கணும்."

அப்படி விழுந்த பெயர்தான் மேனேஜர். பத்து வருடத்தில் உள்ளங்கை உடம்பு எட்டுக் கிலோ தலையணையாக வளர்ந்தது. ஆபரேட்டர் துணி காயப்போட்டால் மேனேஜர் வந்து பார்ப்பார். பல்பு மாட்டினால் ஏணிக்குக் கீழே நின்று பார்ப்பார். ஆபரேட்டர் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, தாமதமானால் இரண்டு தடவை குரைப்பார். மூன்றாவது குரைப்புக்குள் வெளியே வராவிட்டால் சம்பளம் பிடித்துவிடுவார் என்கிற தோரணை. ராத்திரி ஆனால் கட்டிலில் மனைவியின் காலடியில் படுத்து அவர் விடும் குறட்டையில் கூரை நாலு விரற்கடை மேலே எழும்பி, விடிந்ததும் தானாகவே கீழே உட்காரும்.

மனைவி கண்ணை மூடி ஒரு வருடமும் எட்டு மாதமும் ஆகிறது. மேனேஜர் மட்டும் இன்னமும் கட்டிலில் அவள் படுத்த பக்கத்தில்தான் படுக்கிறார்.

மனைவி போனதை ஆபரேட்டர் எல்லோரையும் போல ஒருமுறை உணரவில்லை. ஒரு நாளைக்கு இருபது முறை உணர்ந்தார். அதற்குக் காரணம் அவர் வேலை பார்த்த நீரேற்று நிலையத்தின் ஒரு சட்டம். அங்கே அளவுமானியைப் பார்ப்பவர் ஒருவர், எழுதுபவர் இன்னொருவர். பார்த்தவர் அளவைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். எழுதுபவர் அதே சத்தத்தில் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். திருப்பிச் சொல்லாத அளவு செல்லாது. மறுபடி போய்ப் பார்க்க வேண்டும். ஆள் உயரச் சக்கரங்களோடு ஆறு பழைய பிஸ்டன் பம்புகள் போடுகிற இரைச்சலில், "தொண்ணூத்தி ரெண்டு!" என்று இவரும் "தொண்ணூத்தி ரெண்டு!" என்று அவரும் கத்திய கத்தலில், ஆற்று மீன்களெல்லாம் குடும்பத்தோடு அடுத்த ஊருக்குக் குடிபோனதாகக் கேள்வி. பம்ப் எத்தனை அடி அடிக்கிறது என்று எண்ணுவதற்கும் ஒரு முறை இருந்தது. அந்தப் பம்புகளின் தண்டு போகும்போதும் தண்ணீர் தள்ளும், வரும்போதும் தள்ளும். ஆகவே தண்டு போனால் ஒன்று, வந்தால் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவார் ஆபரேட்டர், பிசகாது.

வேலையிடத்துப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. "பால் வந்தாச்சு!" என்று இவர் வாசலிலிருந்து கத்தினால், "வந்தாச்சு!" என்று அடுப்படியிலிருந்து மனைவி கத்துவாள். கல்யாணமான புதிதில் கிண்டலுக்காக ஆரம்பித்தது. பிறகு கிண்டல் உதிர்ந்துபோய்ப் பழக்கம் மட்டும் நின்றது. "மழை வருது!" "வருது!" "நான் படுக்கப் போறேன்!" "போங்க, போங்க!"

இப்போதும் பால் வருகிறது. இப்போதும் இவர் கத்துகிறார். கத்தியபிறகு அடுப்படி சும்மா இருக்கிறது. மேனேஜரின் ஒரு காது மட்டும் எழுந்து, அந்தச் சும்மாவைக் கேட்டுவிட்டு, மடங்கிவிடும்.

மேனேஜருக்கு இருமல் வந்தது அந்தச் சமயத்தில்தான். முதலில் தொண்டையில் முடி சிக்கிய மாதிரி ஒரு செருமல். பிறகு படுத்து எழுந்தால் ஒன்று, வாலாட்டினால் ஒன்று. ஒரு நாள் இரண்டாம் மாடிப் படியிலேயே நின்று, மேலே ஏறுவதா வேண்டாமா என்று ஃபைலைத் தள்ளிவைக்கிற மேனேஜர் மாதிரி யோசித்தார். ஆபரேட்டர் அவரைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு மிருக டாக்டரம்மாவிடம் ஓடினார்.

டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டாள். படம் எடுத்தாள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "வால்வு சரியா மூடலைங்க ஐயா" என்றாள். "ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் ரத்தம் வந்த வழியே திரும்புது. அதனால இதயம் வீங்கிப் போயிருக்கு. வீங்கின இதயம் மூச்சுக் குழாயை நெருக்குது. அதான் இருமல்."

ஆபரேட்டரின் முகம் அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு மலர்ந்தது. வால்வு! அவருடைய ராஜ்ஜியம்!

"வால்வு லீக்கு, அவ்ளோதானே? இதுக்குப் போயி முகத்த இப்படி வெச்சுக்கிறீங்களே. வாஷர மாத்திட்டா?"

"மாத்த முடியாதுங்க."

"கழட்டி, தேய்ச்சு, திரும்ப உக்கார வெச்சா?"

"பம்புன்னா நிறுத்திட்டுக் கழட்டலாம் ஐயா," என்றாள் டாக்டரம்மா. "இத நிறுத்த முடியாதே."

மலர்ந்த முகம் அப்படியே நின்றுபோனது.

"எத்தன நாளு?"

"ஆறு மாசமும் ஓடலாம், ரெண்டு வருஷமும் ஓடலாம். மருந்து பாதி, கவனிப்பு பாதி." இரண்டு வகை மாத்திரை எழுதினாள். ஒன்று இதயத்துக்குத் தெம்பு. இன்னொன்று நெஞ்சில் நீர் கட்டாமல் வெளியே தள்ளுவதற்கு. "தினமும் ஒரு வேலை செய்யணும். தூங்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தன மூச்சுன்னு எண்ணுங்க. முப்பதுக்குள்ள இருந்தா கவலை இல்ல. தாண்டினா, திரும்ப எண்ணுங்க. அப்பவும் தாண்டியிருந்தா உடனே எனக்குப் போன் பண்ணுங்க. நுரையீரல்ல தண்ணி இறங்குதுன்னு அர்த்தம்."

எண்ணுவதா? பெரிய பெரிய பம்புகளை எண்ணியவருக்கு ஒரு தலையணை எம்மாத்திரம்! வழியிலேயே நீளமான நோட்டு ஒன்று வாங்கினார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். தேதி, நேரம், மூச்சு, மாத்திரை, பார்த்தவர் கையெழுத்து. கை பழக்கதோஷத்தில் இன்னொரு கட்டத்தையும் போட்டு, தலைப்பும் எழுதிவிட்டது: சரிபார்த்தவர் கையெழுத்து. எழுதின பிறகுதான் பார்த்தார். அடிக்க மனம் வரவில்லை, விட்டுவிட்டார்.

மறுநாள் மதியம் மூன்று மணி. மேனேஜர் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் வெயில் விழுகிற இடத்தில் தூங்கினார். கீழ்வீட்டிலிருந்து தையல் மெஷின் சத்தம் கடகடவென்று வந்துகொண்டிருந்தது. ஆபரேட்டர் சுவர்க் கடிகாரத்தை இறக்கித் தரையில் வைத்துக்கொண்டு, முழங்காலிட்டு, வெள்ளை வயிற்றையே பார்த்து எண்ணினார். முள் ஒரு சுற்று முடிந்ததும் நிமிர்ந்து, பழைய குரலில் கத்தினார்:

"நாப்பத்தி நாலு!"

யாரும் திருப்பிச் சொல்லவில்லை. மறுபடி எண்ணினார். நாற்பத்தாறு. போனை எடுத்தார்.

"நாப்பத்தி நாலா?" டாக்டரம்மாவின் குரல் மாறியது. "நல்லாத் தூங்குதா?"

"தூக்கமாம்மா அது? குறட்டையில ஜன்னல் கதவு ஆடுது."

"நீர் மாத்திரைய ரெண்டு வேளையாக்குங்க. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் டாக்டரம்மாவின் மேசையில் மேனேஜர் நாக்கை முழ நீளத்துக்குத் தொங்கவிட்டு இரைத்த இரைப்பில், அங்கே எண்ணுவதற்கு வழியே இல்லை. டாக்டரம்மா நெஞ்சில் வைத்துக் கேட்டாள். "தண்ணிச் சத்தம் அப்படி ஒண்ணும் பெருசாக் கேக்கலியே..." என்று இழுத்தாள். பிறகு நோட்டை விரித்தாள். எழுதியிருந்த இரண்டு எண்ணும் அச்சடித்த மாதிரி. ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.

"இவ்ளோ சுத்தமா எழுதிட்டு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்லீங்க ஐயா. வீட்டுக் கணக்குதான் நிஜம். ஒரு வாரம் இப்படியே குடுத்துப் பாப்போம்."

ஆபரேட்டருக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு வந்தது வெள்ளம். நீர் மாத்திரை என்றால் சும்மாவா! பத்து வருடத்தில் வீட்டுக்குள் ஒரு சொட்டு சிந்தாத கண்ணியவான், ஹாலில் ஒரு குளம், சமையலறையில் ஒரு ஏரி, கட்டில் காலடியில் ஒரு சமுத்திரம் என்று வெட்டியே விட்டார். ஒவ்வொன்றுக்கும் பிறகு தலையைக் குனிந்துகொண்டு மூலையில் போய் நிற்பார். "பரவாயில்ல மேனேஜர், ஆறு பம்பும் சேர்ந்தாலும் உங்க அளவுக்கு வராது" என்று ஆபரேட்டர் துடைப்பார். ஒரு நாளைக்கு ஏழு தடவை எட்டுக் கிலோவைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி ஏறினார். எழுபது வயது முழங்கால்கள் இரண்டும் தனித்தனியாக ராஜினாமா கடிதம் எழுதின.

ஆனாலும் எண்ணிக்கை இறங்கவில்லை. நாற்பத்தாறு. நாற்பத்தி நாலு. நாற்பத்தெட்டு. ஒவ்வொரு மதியமும் மூன்று மணிக்கு ஒரு கத்தல், ஒரு மௌனம், ஒரு போன். வாரக் கடைசியில் டாக்டரம்மா மாத்திரையை மூன்று வேளையாக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மகன் தொலைவிலிருந்து கூப்பிட்டான்.

"எப்படிப்பா இருக்கீங்க?"

"நாப்பத்தி ஆறு."

"அதக் கேக்கலப்பா. நீங்க எப்படி இருக்கீங்க?"

அதற்கு ஆபரேட்டரிடம் அளவு எதுவும் இல்லை. "இருக்கேன்" என்றார்.

"இங்க வந்துருங்கப்பான்னா கேக்க மாட்டேங்கிறீங்க. இங்க நாய் வெச்சுக்க விட மாட்டாங்க, அது ஒண்ணுதான் தொல்லை. சரி விடுங்க... அது காலம் முடிஞ்சதும் வந்துருங்க."

நல்ல மனசோடுதான் சொன்னான். ஆபரேட்டர் போனை வைத்துவிட்டு மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஊறவைத்த ரொட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அவித்த முட்டையைப் பார்க்கக்கூட இல்லை. மூன்று வேளையும் குறை கண்டுபிடித்தவர், இரண்டு நாளாக எதிலும் குறை கண்டுபிடிக்கவில்லை. ஆபரேட்டர் வேண்டுமென்றே சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு நடந்து பார்த்தார். ம்ஹூம். மேனேஜரும் போனால் இந்த வீட்டில் தன்னைப் பார்க்க ஒரு கண்கூட இருக்காது என்பது அன்றைக்குத்தான் ஆபரேட்டருக்கு உறைத்தது.

மறுநாள் மதியம், வெளியே போய்த் திரும்பும்போது, படியேற மறுபடியும் ஆசைப்பட்டார் மேனேஜர். ஆபரேட்டரும் இறக்கிவிட்டார். இரண்டாம் மாடி வரைக்கும் தள்ளாடி வந்தவர், கீழ்வீட்டுத் தையல்காரம்மாவின் கால்மிதியைக் கண்டதும் பின்னங்கால் இரண்டும் மடங்கி அப்படியே உட்கார்ந்தார். பிறகு படுத்தார். எழுந்திருக்கவில்லை.

தையல்காரம்மா வாசலில்தானா விழ வேண்டும்! எட்டு வருடத்துக்கு முன்னால் ஆபரேட்டர் பால்கனியில் துணி அலசின தண்ணீர், அவள் தைத்துக் காயப்போட்டிருந்த பதினாறு பள்ளிச் சட்டைகள் மேல் சொட்டி, பதினாறிலும் நீலச்சாயம் ஓடிவிட்டது. அன்று தொடங்கிய மௌனம். மனைவி மட்டும் போய் வந்துகொண்டிருந்தாள். அவள் போனபிறகு அந்தப் பாலமும் இல்லை. இப்போது உள்ளே மெஷின் சத்தம் நின்றது. கதவு திறந்தது. கழுத்தில் அளவு டேப், கையில் கத்தரிக்கோல்.

"என்ன சார், என் வாசல்ல?"

"ஒரு நிமிஷம்மா. மூச்சு வாங்கிட்டு எழுந்துடுவாரு."

அவள் குனிந்து பார்த்தாள். கத்தரிக்கோலை உள்ளே எறிந்துவிட்டு வந்து, மேனேஜரைத் தூக்கிக்கொண்டு போய், வெட்டுத்துணிக் குவியல் மேல் படுக்கவைத்தாள். மேனேஜர் குவியலை முகர்ந்தார். பழைய ஞாபகத்தில் ஒரு தும்மல் வந்தது, பாதியிலேயே நின்றது. கண்ணை மூடித் தூங்கிப்போனார்.

"உக்காருங்க சார். ஒண்ணு கேக்கணும்னு பத்து நாளா வாயில நிக்குது. தினம் மூணு மணிக்கு நாப்பத்தி நாலு, நாப்பத்தி எட்டுன்னு கத்துறீங்களே, யாரோட மார்பளவு அது? அவ்ளோ பெரிய ஆளுக்கு யாரு தைக்கிறா? எங்கிட்ட குடுத்தா ஆகாதா?"

ஆபரேட்டர் சிரிக்க முயன்றார். சிரிப்பு வரவில்லை. விஷயம் எல்லாம் வந்தது: வால்வு, வீங்கின இதயம், மாத்திரை, நோட்டு, மூச்சு. சொல்லி முடித்தபோது மணி மூன்று.

"எண்ணணும்மா. நேரமாச்சு."

அவர் எண்ணத் தொடங்கினார். எதிரே தையல்காரம்மாவும் குனிந்து உட்கார்ந்தாள். தன் கண்ணுக்கு முன்னால் இன்னொருத்தர் அளவெடுக்கும்போது சும்மா இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. அவளும் எண்ணினாள்.

"நாப்பத்தி நாலு!" என்றார் ஆபரேட்டர்.

"இருபத்தி ரெண்டு," என்றாள் அவள்.

"என்னது?"

"இருபத்தி ரெண்டு சார். இருபத்தி ரெண்டே தான்."

"முப்பத்தாறு வருஷம் எண்ணினவன்மா நானு."

"நான் மட்டும் என்ன, நேத்து எண்ணக் கத்துக்கிட்டேனா? திரும்ப எண்ணுவோம்."

திரும்ப எண்ணினார்கள். நாற்பத்தாறு, இருபத்தி மூன்று. ஆபரேட்டருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அவளுக்கோ ஏறுவதற்கு மிச்சம் இடமே இல்லை. மூன்றாவது தடவை அவள் தன் டேப்பின் நுனியை மேனேஜர் வயிற்றுக்கு அருகே பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இப்ப வாய்விட்டு எண்ணுங்க. எனக்குக் கேக்கணும்."

வெள்ளை வயிறு ஏறியது. "ஒண்ணு," என்றார். இறங்கியது. "ரெண்டு," என்றார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! இறங்கினதுக்கு எதுக்கு ரெண்டு?"

"போனா ஒண்ணு, வந்தா ஒண்ணு."

தையல்காரம்மா அவரையே பார்த்தாள். பிறகு ஒரு துணியை எடுத்து இரண்டாக மடித்து மேசை மேல் போட்டாள்.

"இந்த மடிப்பு இருபத்தி ரெண்டு. இதுதான் அளவு. நீங்க இத விரிச்சுப் போட்டு நாப்பத்தி நாலுங்கிறீங்க, அண்ணே. ஏறி இறங்கினாத்தான் ஒரு மூச்சு."

ஆபரேட்டர் அந்த மடித்த துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேனேஜருக்கு நெஞ்சில் தண்ணீர் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. இல்லாத தண்ணீரை வெளியே தள்ளச் சொல்லி இவர்தான் பத்து நாளாக மாத்திரை மேல் மாத்திரையாகப் போட்டு, இருந்த தண்ணீரையும் உறிஞ்சிவிட்டார். சுத்தமான கையெழுத்தில்.

"பக்கத்துல யாராவது இருந்திருந்தா சொல்லியிருப்பாங்க," என்றார், யாரிடமோ.

"அக்கா இருந்த வரைக்கும் மேலேர்ந்து எப்பவும் ரெண்டு சத்தம் வரும்," என்றாள் தையல்காரம்மா, துணியை மறுபடி மடித்துக்கொண்டே. "இப்ப ஒண்ணுதான் வருது."

போனில் விஷயத்தைக் கேட்ட டாக்டரம்மா நீர் மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னாள். பிறகு, "ஓடி வாங்க" என்றாள். மேனேஜரின் முன்னங்காலில் ஊசி ஏற்றி, பாட்டில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ரத்தம் எடுத்துப் பார்த்தாள். "சிறுநீரகம் கொஞ்சம் மிரண்டிருக்கு. பொழைச்சுக்கும்," என்றாள். "எப்படி எண்ணுறீங்கன்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் ஐயா. உங்க கையெழுத்து என்னை மயக்கிருச்சு." அவள் இப்படிப் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டது ஆபரேட்டருக்கு அடித்ததைவிட வலித்தது.

மூன்றாம் நாள் மேனேஜர் வீடு திரும்பினார். முட்டையைச் சாப்பிட்டார். கட்டிலுக்கு அடியில் போய்ப் பார்த்து, தூசி இருப்பதைக் கண்டுபிடித்துக் குரைத்தார். ஆபரேட்டர் அந்தக் குரைப்பைக் கேட்டுக்கொண்டே நோட்டை விரித்து, சிவப்பு மையில் பத்து நாள் எண்களையும் ஒவ்வொன்றாக அடித்தார். முப்பத்தாறு வருடத்தில் ஒரு எண்ணையும் அடித்தறியாத கை. ஒவ்வொரு அடித்தலுக்கும் கை ஒருமுறை நின்றது.

அதன்பிறகு அவர் கத்துவதை விட்டார். மூன்று மணிக்கு எண்ணுவார், ஏறினால் மட்டும். இருபத்தி இரண்டு. இருபத்தி நாலு. உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு எழுதுவார். இரண்டாம் மாடியைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனை மாதிரி நடந்தார். தையல்காரம்மா ஒருமுறை கதவைத் திறந்து, "மேனேஜர் எப்படி அண்ணே?" என்றாள். "இருக்காரும்மா" என்று இரண்டு படி தாண்டிவிட்டார். தன் தப்பைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவள். அவள் முகத்தில் முழிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. மகன் ஞாயிறுகளில் கூப்பிட்டான். பால் வந்தது. மழை வந்தது. எதையும் அவர் யாருக்கும் அறிவிக்கவில்லை. மேனேஜரின் காதுகூட எழுந்திருக்க வேலையின்றி மடங்கியே கிடந்தது. ஐந்து மாதம் அந்த வீட்டில் கடிகாரம் மட்டும் பேசியது. அதுவும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் மாதக் கடைசியில் இருபத்தி ஏழு வந்தது. இருபத்தி ஒன்பது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு, வெயிலில் படுத்திருந்த மேனேஜரின் வயிறு அவசர அவசரமாக ஏறி இறங்கியது.

முப்பத்தெட்டு.

ஆபரேட்டர் திரும்ப எண்ணினார். முப்பத்தெட்டு. தான் ஏறினதை மட்டும்தான் எண்ணினோமா? விரலை மடக்கி மடக்கி மூன்றாவது தடவை எண்ணினார். எண்ணிக்கை பாதியில் விட்டுப்போனது. தப்பாக எண்ணியிருக்க வேண்டும் என்று ஆயுளில் முதல்முறையாக அவர் ஆசைப்பட்டார். தன் எண்ணும் திறமை மொத்தத்தையும் யாராவது வந்து குப்பையில் கொட்டி, "பத்தொன்பதுதான், போங்க" என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஜன்னலைத் திறந்தார். ஐந்து மாதம் சும்மா கிடந்த தொண்டை முதலில் கரகரத்தது. பிறகு வந்தது, ஆறு பம்பையும் மீறுகிற பழைய குரல்:

"முப்பத்தி எட்டு!"

கீழே மெஷின் நின்றது.

பதில் வரவில்லை. ஆபரேட்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவில் ஒரு லாரி போய்த் தொலைந்தது. பிறகு படியில் காலடிச் சத்தம். கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள் தையல்காரம்மா. தலைமுடியில் நூல்பிசிறு, கையில் துணியில் குறி போடுகிற நீலச் சாக்குக் கட்டி. நேரே போய் மேனேஜருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

அவள் உதடு அசைவதை ஆபரேட்டர் பார்த்துக்கொண்டு நின்றார். பத்தில் நிற்கட்டும். பத்தொன்பதில் நிற்கட்டும். உதடு நிற்கவில்லை. முள் மெதுவாக, உலகத்திலுள்ள எல்லா மேனேஜர்களின் அலுவலகக் கடிகாரங்களையும்விட மெதுவாக ஒரு சுற்று சுற்றி வந்தது.

அவள் நிமிர்ந்தாள்.

"முப்பத்தி எட்டு," என்றாள்.

ஒருவர் திருப்பிச் சொல்ல மாட்டாரா என்று இரண்டு வருடத்துக்கு மேல் அவர் காத்திருந்தார். சொல்லிவிட்டார்கள். ஆபரேட்டர் தலையை ஆட்டினார். நோட்டை எடுத்து, நேரம் போட்டு, எண்ணைப் போட்டு, தன் கையெழுத்தைப் போட்டார். சரிபார்த்தவருக்கான கடைசிக் கட்டம் அந்தப் பக்கம் முழுக்க வெறுமையாக, வரிசையாக, காலி நாற்காலிகள் மாதிரி கீழே இறங்கிப் போனது. நோட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இதுல என்ன எழுதணும்?"

"கையெழுத்து. நீங்க பாத்தீங்கன்னு."

பேனாவுக்குக் காத்திருக்காமல், கையிலிருந்த சாக்குக் கட்டியாலேயே, துணியில் வெட்டுக்குறி போடுகிற அதே வேகத்தில் போட்டாள். நீலமாக, கொஞ்சம் கோட்டுக்கு வெளியே.

டாக்டரம்மா போனிலேயே, "கூட அரை மாத்திரை குடுத்துட்டுக் கிளம்பிடுங்க. ரெண்டு பேரும் எண்ணினீங்களா?" என்று கேட்டாள். "எண்ணினோம்" என்றார் ஆபரேட்டர். அந்தச் சொல் வாயில் புதிதாக இருந்தது.

மேனேஜர் விழித்துக்கொண்டார். தலையைத் தூக்கி, தன் வீட்டுக்குள் உத்தரவில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்தார். அவள் கால்விரலை முகர்ந்தார். மூச்சு வாங்குவதற்கிடையே நேரம் ஒதுக்கி, திருப்தியில்லாமல் ஒரு தும்மல் போட்டார்.

"பாருங்க, இந்த நெலமையிலயும் எங்கிட்ட என்ன குறை கண்டுபிடிச்சாரு?" என்றாள் தையல்காரம்மா. குரல் மட்டும் சிரித்தது.

ஆபரேட்டர் மேனேஜரை மார்போடு தூக்கிக்கொண்டார். நோட்டை அவள் எடுத்துக்கொண்டாள். யாரோ படி கழுவியிருந்தார்கள்.

"பாத்து வாங்க, படி ஈரமா இருக்கு!" என்று முன்னால் போனவர் கத்தினார்.

"ஈரமா இருக்கு!" என்று பின்னாலிருந்து வந்தது.

கையில் வெள்ளை நெஞ்சு வேகவேகமாக ஏறியும் இறங்கியும் அவர் சட்டையை நெருடியது. ஏறும்போது மட்டும் எண்ணிக்கொண்டு ஆபரேட்டர் இறங்கினார்.